சில்லு வைத்த வீட்டுக்கு ஒரு வரவுசெலவு

எங்கள் கலியாண வாழ்க்கையில் பெரும்பகுதி வீட்டு வாசலில்தான் நடந்தது. அவருக்கு மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் இரவு வேலை. எனக்கு வில்லரேயில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற பகல் வேலை. விடிய முதல் மெட்ரோவில் வந்து அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, அதே வாசலில் நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருப்பேன். "சாப்பாடு அடுப்பில இருக்கு" என்பேன் நான். "வெளியால வழுக்குது, பாத்துப் போம்" என்பார் அவர். அன்றைய தாம்பத்தியம் அத்தோடு சரி. ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட். நான் எழும்பிய சூட்டில் அவர் படுப்பார். "பிறகெப்பிடி உனக்குப் பிள்ளை பிறந்தது?" என்று என் சிநேகிதி ஒருத்தி கேலி பண்ணுவாள். அந்த வருடம் ஹோட்டலில் ஸ்ட்ரைக் என்று சொல்லி அவள் வாயை அடைப்பேன்.

முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. படுக்கையறை யன்னலுக்குத் தடித்த போர்வை அடித்திருந்தோம். அதுவும் போதாதென்று அவர் கண்ணைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு தூங்குவார். நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் இருட்டுக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் என் புருசன்.

ஒரே வருடத்தில் இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். இனிமேலாவது சேர்ந்து படுத்துச் சேர்ந்து எழும்பலாம் என்று நான் நினைத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். விடிய எழும்பும்போது பக்கத்தில் இந்த மனுசன் இருக்க வேண்டும். ஆனால் வேலையை விட்டது ஆள் மட்டும்தான், உடம்பு விடவில்லை. இரவெல்லாம் காவல்காரன் மாதிரி வீட்டுக்குள் நடப்பார். பாத்திரங்களைக் கழுவுவார். கழுவிய பாத்திரங்களை இன்னொருதரம் கழுவுவார். வெளிச்சம் வரத் தொடங்கியதும் போய்ச் சரிந்துவிடுவார். நான் தனியே எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தனியே குடிப்பேன்.

ஒரு கோடைக் காலையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூங்கப் போனவரை இழுத்துக் காரில் ஏற்றிக்கொண்டு மொன்றியல் தீவின் மேற்கு முனைக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனேன். காரை நிறுத்தியதுதான் தாமதம், மனுசன் சீட்டைச் சாய்த்து, துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடத் தொடங்கினார். நான் தனியே கால்வாய்க் கரையில் நடந்தேன். தண்ணீரில் மெல்லிய பனிப்புகார் கிடந்தது. வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் பெரிய வெள்ளை வாகனம் ஒன்று நின்றது. யன்னலில் திரைச்சீலை, பக்கத்தில் மடக்குக் கதவு, கதவுக்கு முன்னால் இரண்டு கதிரைகள். கதிரைகளில் எங்கள் வயதில் ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் தலைமயிர் கலைந்திருந்தது. இரண்டு பேர் கன்னத்திலும் தலையணைத் தழும்பு. "பொன்ஜூர்" என்று சேர்ந்து சொல்லிவிட்டுச் சேர்ந்து கொட்டாவி விட்டார்கள். எனக்குப் பொறாமையில் நெஞ்சு சுட்டது.

திரும்பி ஓடிவந்து அவரைத் தட்டி எழுப்பினேன். "எங்களுக்கும் அப்பிடி ஒண்டு வேணும்" என்றேன்.

"என்ன, வேற புருசனோ?" என்றார் துவாயை எடுக்காமல்.

பிறகு எழும்பி வந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் பிடித்துக்கொண்டது. "சில்லு வைச்ச வீடு" என்று அதன் சக்கரங்களைப் பார்த்து முணுமுணுத்தார். அவருக்குப் பிடித்த காரணம் வேறு. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் அவர் பார்த்தது ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்க் குசினியும் இருட்டும் மெட்ரோச் சுரங்கமும்தான். மலையைப் பார்க்க வேண்டும், கோதுமை வயலைப் பார்க்க வேண்டும், நாட்டின் மற்றக் கரையில் இருக்கிற சமுத்திரத்தில் காலை நனைக்க வேண்டும் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். வரும் வழியில் தூங்கவேயில்லை.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கனடா வரைபடம் விரிந்து கிடந்தது. பின்னேரங்களில்தான் கணக்குப் பார்ப்போம். எனக்கு அது இராச்சாப்பாட்டு நேரம், அவருக்கு விடியற்காலை. நான் புட்டைப் பிசைய, அவர் முதல் தேத்தண்ணியை ஊதுவார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நாங்கள் வீதியில் கொட்டப்போகிறவர்கள், இன்னும் கவனமாக அளக்க வேண்டும். கையில் இருந்தது இரண்டு பேரின் பென்ஷன், மேல்வீட்டு வாடகை, வருடக்கணக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த கொஞ்சக் காசு. ஆறு மாதம் ஓடுவது என்பது அவர் திட்டம். மொன்றியலில் வெளிக்கிட்டால் வன்கூவரில்தான் நிற்பது.

செலவை எழுத எழுத நாடு சுருங்கியது. அந்த வாகனம் குடிக்கிற பெற்றோலைக் கணக்குப் போட்டபோது வன்கூவர் போய்விட்டது. டயருக்கும் பிரேக்குக்கும் மலைத்தொடரைக் கொடுத்தோம். வாகன இன்சூரன்ஸ் கோதுமை வயல்களை மேய்ந்துவிட்டது. இரவில் வாகனத்தை நிறுத்திப் படுக்கிற காம்பிங் மைதானங்களின் வாடகை எல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்றது. இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை செய்கிற எங்கள் மகள் ஒருநாள் வந்து வரைபடத்தைப் பார்த்தாள். "மே வொயோன், அம்மா! என்ன கதை இது? வீட்டைச் சும்மா பூட்டிவிட்டுப் போக ஏலாது. குளிரில பைப் வெடிச்சா ஒருத்தரும் காசு தரமாட்டினம். ஆரும் வந்து பாக்க வேணும், ஹீட்டர் போட வேணும்" என்று அவள் அடுக்க, இன்னும் இரண்டு மாகாணம் கழன்றது. இதற்கு மேல் கொண்டாட்டக் கணக்கு. ஓய்வுகாலப் பயணத்துக்குப் புத்தி சொல்கிற எந்த வெள்ளைக்காரரும் அந்தக் கணக்கை எழுதுவதில்லை. கோடையில்தான் எங்கள் சனத்துக்குக் கலியாணம், சாமத்திய வீடு, புதுமனை எல்லாம் வரும். ஆள் போகாவிட்டாலும் காசு வைத்த என்வலப் போயே ஆக வேண்டும். கடைசியில் எங்கள் சில்லு வைத்த வீடு ஒன்டாரியோ எல்லையைத் தாண்ட முடியாமல் நின்றது.

அவர் வாடிப்போனார். ஒரு கிழமை வரைபடத்தின் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கண் மின்ன எழும்பி வந்தார்.

"காம்பிங் காசைத்தானே நாங்கள் பெரிசாப் போட்டிருக்கிறம்? என்னத்துக்குக் காம்பிங்? டொரொன்டோவில அக்கா இருக்கிறா. வினிப்பெக்கில பெரியம்மாவின்ர மகன். கல்கரியில உம்மட சித்தப்பா குடும்பம். ஒவ்வொரு வீட்டு டிரைவ்வேயிலயும் நிப்பாட்டுவம். படுக்கை எங்கட, கரண்ட் அவையின்ர. ஒரு சதம் செலவில்லை."

உண்மைதான். ஒரே நிமிடத்தில் மாகாணங்கள் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. அன்றைக்குப் படுத்தபோது எனக்கு அலைச் சத்தம்கூடக் கேட்டது. வாசலுக்கு வந்த விருந்தாளியை வெளியே படுக்கவிடுகிற சாதி நாங்கள் இல்லை என்பது அந்த அலைச் சத்தத்தில் எனக்கு மறந்துபோனது.

வெள்ளோட்டம் பார்க்க அடுத்த வசந்தத்தில் ஒரு வாகனத்தை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு டொரொன்டோவுக்குப் போனோம். வெறுங்கையோடு போக முடியுமா? மொன்றியலில் இருந்து போகிறவர்கள் கொண்டுபோக வேண்டிய பேகல் ரொட்டி ஒரு மூட்டை. மேப்பிள் சிரப். மச்சாளுக்கு, அதுதான் அவருடைய அக்காவுக்கு, ஒரு சேலை, அவ புருசனுக்கு ஒரு சேர்ட், பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. நாங்கள் வந்தது தெரிந்தால் கோபிக்கக்கூடிய மற்ற வீடுகளுக்கும் கையிருப்பாகக் கொஞ்சம். நான் குட்டிக் குளிர்பெட்டியில் மீன்குழம்பும், கட்டிலில் புதிய விரிப்பும் வைத்திருந்தேன். ஏரிக்கரை வழியே ஓடும்போது பின்னால் அந்தக் கட்டில் மெல்ல ஆடிக்கொண்டு வந்தது. நான் அடிக்கடி திரும்பித் திரும்பி அதைப் பார்த்தேன்.

மச்சாள் வெளியே வந்து பார்த்தா. "தம்பி, இதென்ன ஐஸ்கிரீம் வானோ?" என்றா.

இதற்குள்தான் படுக்கப்போகிறோம் என்று அவர் விளக்கியதும் மச்சாளின் முகம் மாறியது. "என்ர வாசலில வந்து வானுக்குள்ள படுக்கப்போறியளோ? சனம் என்ன கதைக்கும்? கூடப்பிறந்தவனையும் பெண்சாதியையும் வெளியால விட்டிட்டாள் எண்டெல்லோ கதைக்கும்! நான் செத்தாப் பிறகு வந்து அப்பிடிப் படுங்கோ." கண்ணீரும் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்று இருந்துவிட்டா. பிறகென்ன, தலையணையைத் தூக்கிக்கொண்டு அவ வீட்டு பேஸ்மென்டுக்கு இறங்கினோம்.

அடுத்த நாளே செய்தி பரவிவிட்டது. அந்த வீட்டுக்குப் போனால் இந்த வீட்டுக்கும் போக வேண்டும். போன வீடுகளில் எல்லாம் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பை இறங்க வேண்டும். கையிருப்பு முடிந்து நடுவில் இரண்டு தரம் கடைக்கு ஓடினோம். மச்சாளின் புருசனும் பேக்கரியில் இரவு வேலை செய்து ஓய்ந்தவர். இரண்டு ஆந்தைகளும் பேஸ்மென்டில் விடியும்வரை கடதாசி விளையாடின. அந்தச் சத்தத்தில் நான் மேலே பிள்ளைகளின் அறைக்கு ஏறிப் படுத்து, வழக்கம்போலத் தனியே எழும்பினேன். யன்னலால் பார்த்தால் எங்கள் சில்லு வைத்த வீடு திரைச்சீலை மூடி வாசலில் நின்றது.

வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கவுண்டரில் நின்ற பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக ஒருவரும் கொண்டுவந்ததில்லை, மெர்சி மதாம் என்றாள். படுக்காத கட்டில் எப்படி அழுக்காகும்? வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். நாட்டிலேயே விலைகூடிய காம்பிங்கில் நின்றிருந்தால்கூட இதில் பாதிதான் முடிந்திருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இந்தக் கணக்கில் வன்கூவருக்குப் போவதென்றால் வீட்டைத்தான் விற்க வேண்டும்.

"வன்கூவரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்று வரைபடத்தை மடித்து எறிந்துவிட்டேன். வீட்டில் கொஞ்ச நாட்கள் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகையாக வந்தது. மலை போனதற்காக நான் அழவில்லை. இன்னும் எத்தனை விடியலைத் தனியே பார்த்துக் கழிக்கப்போகிறேன் என்பதுதான் என் துக்கம். அதை அவரிடம் சொல்லவுமில்லை. இந்த வயதில் அதைச் சொல்ல வாய் கூசியது.

ஒரு பின்னேரம் கோழியை வெட்டிக்கொண்டு நின்றபோது திடீரென்று கேட்டேன்.

"என்னப்பா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத பக்கம் எது?"

"வடதுருவம்."

"பகிடி விடாமல் சொல்லுங்கோ."

அவர் வரைபடத்தை எடுத்து விரித்தார். விரலை மொன்றியலில் வைத்துக் கிழக்கே இழுத்தார், ஆற்றோடு ஒட்டிக்கொண்டே. "இந்தப் பக்கம். கஸ்பே. இஞ்ச எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்லை."

"தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள்?"

"இல்லை."

"கோயில்?"

"இல்லையப்பா."

"அப்ப அங்க போவம்."

இரண்டாவது வரவுசெலவு ஒரே பின்னேரத்தில் முடிந்தது. சேலை இல்லை, சேர்ட் இல்லை, பேகல் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு காம்பிங்குகளில் விலை இறங்கும் என்பதால் செப்டெம்பரில் போவது. பெரிய வாகனத்தை மறந்துவிட்டு, சீட்டுக் காசில் ஒரு பழைய வான் வாங்கினோம். உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, நிமிர்ந்தால் தலை இடிக்கும். பெற்றோலை மிச்சம்பிடிக்க ஒரே இடத்தில் மூன்று நான்கு இரவு தங்குவது, அப்படிப் போனால் காசு மூன்று கிழமைக்குக் காணும். ஆறு மாதம் மூன்று கிழமையாகிவிட்டது. விரலுக்குத் தக்க வீக்கம்.

மச்சாள் போனில் கேட்டா. "அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை மச்சாள்."

"பின்ன என்னத்துக்குப் போறியள்?"

எங்கள் தீவைச் சுற்றி ஓடுகிற அதே ஆற்றோடுதான் போனோம். போகப் போக ஆறு அகன்றது. முதலில் அக்கரை வீடுகள் சின்னதாகின. பிறகு அக்கரை ஒரு நீலக் கோடாக மெலிந்தது. ஒருநாள் மத்தியானம் பார்த்தால் அந்தக் கோடும் இல்லை. காற்றில் உப்பு மணத்தது. இது இன்னும் ஆறா, இல்லை கடலா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. மலைகளில் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. வீதியில் எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அதிலேயே பாதி நித்திரை மாதிரி ஒரு சுகம் இருந்தது.

ஆனால் மனுசன் தூங்கவில்லை. காம்பிங்கில் வானை நிறுத்திய முதல் இரவே எழும்பிப் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த இரவும் அப்படியே. வெளிச்சம் வந்ததும் பின்னால் வந்து விழுந்து, துவாயைக் கண்ணில் கட்டிக்கொள்வார். நான் எழும்பித் தலை இடித்து, கதவைத் திறந்து, புல்லில் தனியே நிற்பேன். அவ்வளவு பெரிய தண்ணீருக்கு முன்னால் நின்றும் எனக்குக் கார்தெரிக்கு வெளிக்கிட்டு நிற்கிற மாதிரித்தான் இருந்தது. ஒரு கிழமை இப்படிப் போனது. காசில் மூன்றில் ஒன்று முடிந்தது.

அன்றைக்கு அவர் மத்தியானம் எழும்பியபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்னப்பா, இவ்வளவு காசைக் கொட்டி இவ்வளவு தூரம் வந்தது நான் தனிய எழும்பவோ?"

அவர் திகைத்துப் பார்த்தார். "நீர் கடல் பாக்கத்தானே வந்தனீர்?"

"கடல் ஆருக்கு வேணும்! ஒருநாள் விடிய நான் கண் முழிக்கேக்க நீங்கள் பக்கத்தில கிடக்க வேணும். அவ்வளவுதான். இதுக்குத்தான் இந்த வானும் கணக்கும் எல்லாம்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் சுழற்றினார்.

"படுக்கப் பாக்கிறன் தானே. வருகுதில்லையப்பா" என்றார் மெல்ல. "பகல் முழுக்க நிண்டு வேலை செய்து களைச்சாத்தான் வரும்போல. இஞ்ச சும்மா இருந்தா என்னெண்டு களைப்பு வரும்?"

"அப்ப ஓடுவம். ஒவ்வொரு நாளும் ஓடுவம்."

"பெற்றோல்?"

"ஒரு கிழமை குறையட்டும். பரவாயில்லை."

அடுத்த நாள் விடிய அவர் படுக்க வந்தபோது போர்வையை இழுத்து எடுத்துவிட்டேன். அன்றைக்கு ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். நான் ஓட்டினால் அவருக்குப் பயத்தில் நித்திரை வராது. ஒரு கையால் கதவையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு வந்தார். கொட்டாவி விட்டால் வானை நிறுத்திக் கூழாங்கல் கரையில் நடத்தினேன். இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தேன், தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன், ஊரில் இருக்கிற அத்தனை பேரின் குறையையும் சொல்லிச் சண்டைக்கு இழுத்தேன். குன்று ஏறி இறங்கியது, குடா வந்தது, வெள்ளைத் தேவாலயம் வந்தது, மறுபடி குன்று வந்தது. கணக்கில் எழுதி வைத்த மூன்றாவது கிழமை மெல்ல மெல்லப் பெற்றோல் தாங்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சதத்துக்கும் கவலையில்லை. பொழுது பட்டு இருட்டுகிற நேரத்தில், காம்பிங்கில் வானுக்குள் இருந்து பாணையும் சம்பலையும் தின்றுகொண்டு எதையோ சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். கையில் பாண் துண்டோடு தூங்கிவிட்டார். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அப்படியே சரித்துப் படுக்கவைத்தேன்.

நான் கண் விழித்தபோது யன்னல் வெளுத்திருந்தது. கையை நீட்டினேன். பக்கத்தில் ஆள் இருந்தார்.

அசையப் பயந்து அப்படியே கிடந்தேன். முகத்தில் துணி இல்லை. சூரியன் தண்ணீருக்குள் இருந்து வந்து அவர் கன்னத்தில் ஏறியது. இத்தனை வருடத்தில் இந்த மனுசன் தூங்குகிற முகத்தை நான் வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல்தரம். புருவத்தில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று இருந்தது. எப்போது தெறித்தது என்று எனக்குத் தெரியாது. தூக்கத்தில் வாயோரத்தால் கொஞ்சமாகச் சிரிக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. வெளியே அலை வந்து வந்து போனது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

பிறகு அவர் கண்ணைத் திறந்தார். வெளிச்சத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு பதற்றம் ஓடியது.

"என்னப்பா, நேரம் போயிட்டுது. நீர் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?" என்றார்.

"இல்லை" என்றேன். போர்வையை இழுத்து அவர் கழுத்துவரை மூடிவிட்டேன். "நான் போகேல்லை."